கத்தி வைக்க முன் கணக்குப் பாருங்கள்

எங்கள் பள்ளிவாசலில் பதினைந்து வருடங்களுக்கு முன்னர் கடைசி ஸப்பின் ஓரத்தில் இரண்டு பிளாஸ்டிக் கதிரைகள்தான் கிடந்தன. இரண்டும் எண்பது வயதைத் தாண்டிய இரு பெரியவர்களுக்கு. இப்போது ஜும்ஆவுக்குப் போனால் ஒரு முழு வரிசையே கதிரைகள். அவற்றில் அமர்ந்து தொழுபவர்களில் பலர் என்னைவிட இளையவர்கள். தொழுகை முடிந்து ஸலாம் சொல்லி, "என்ன வருத்தம்?" என்று கேட்டால் சிலர் முழங்கால் என்பார்கள். பலர் நாரி என்பார்கள், பிடரி என்பார்கள். அதற்கு அடுத்ததாக வரும் கேள்வியும் அநேகமாக ஒன்றுதான்: "ஒப்பரேஷன் பண்ணச் சொல்றாங்க நாநா, பண்ணலாமா?"

வியாபாரப் பத்தியில் நாரி நோவுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். லொறிக்குக் காப்புறுதி எடுக்கிறோம். கடைக்குத் தீக்காப்புறுதி எடுக்கிறோம். அந்தக் கடையைத் தூக்கி நிறுத்தும் முள்ளந்தண்டைப் பற்றி யோசிப்பதில்லை. அரச ஊழியருக்குச் சம்பளத்தோடு சுகயீன லீவு இருக்கிறது, அக்ரஹார காப்புறுதி இருக்கிறது. சிறு வியாபாரி படுத்தால் கடையும் சேர்ந்து படுக்கிறது. செக்குகள் மட்டும் திகதி தவறாமல் வங்கிக்கு வருகின்றன. எனவே இது வியாபார விடயம்தான்.

நான் வைத்தியன் அல்லன். எனக்கு நேர்ந்ததையும், என்னால் இன்னொருவருக்கு நேர்ந்ததையும், அதன் பிறகு வைத்தியர்களிடம் கேட்டும் வாசித்தும் அறிந்தவற்றையும் சொல்கிறேன். உங்கள் உடம்புக்குரிய முடிவை உங்கள் வைத்தியரோடு பேசித்தான் எடுக்க வேண்டும்.

ஒரு சீனி மூட்டை

2016 நோன்பு மாதம். பெருநாளைக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. புறக்கோட்டையில் அந்த நாட்களில் மூச்சு விட நேரமிருக்காது. அஸருக்குப் பின் வந்த லொறியை அவசர அவசரமாக இறக்கிவிட்டு நாட்டாமைமார் நோன்பு திறக்கப் போய்விட்டார்கள். வாசலை மறித்தபடி ஒரு சீனி மூட்டை கிடந்தது. ஐம்பது கிலோ. 'ஒன்றுதானே' என்று குனிந்து இழுத்துத் திருப்பினேன். இடுப்பில் ஏதோ சடக்கென்றது.

மறுநாள் ஸஹருக்கு எழும்ப முடியவில்லை. மூன்றாம் நாள் நோவு இடுப்பை விட்டு இறங்கியது. வலது பிட்டத்தில் தொடங்கி, தொடையின் பின்புறமாகக் கெண்டைக்கால் வழியே பெருவிரல் வரை மின்சாரம் பாய்வது போல இழுத்தது. தும்மினால் உயிர் போய் வந்தது.

சனல் பண்ணி ஒரு தனியார் வைத்தியசாலைக்குப் போனோம். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தார்கள். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த வைத்தியர், "டிஸ்க் வெளியே வந்திருக்கிறது, இந்த வாரமே ஒப்பரேஷன் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் கால் விளங்காமல் போகும்" என்றார். செலவுக் கணக்கைக் கேட்டபோது அந்தப் பெருநாள் வியாபாரத்தின் முழு லாபமும் போதாதென்று தெரிந்தது. வீட்டில் அழுகை. நான் முற்பணம் கட்ட ஆயத்தமானேன்.

பாமசி நடத்தும் என் மச்சான்தான் தடுத்தார். இரண்டே கேள்விகள் கேட்டார். "பெருவிரலை மேலே தூக்க முடியுதா? சிறுநீர் தடையில்லாமல் போகுதா?" இரண்டும் முடிந்தது. "அப்படியென்றால் இன்னொரு டொக்டரிடமும் காட்டிவிட்டு முடிவு எடுப்போம்" என்றார்.

அரச வைத்தியசாலை கிளினிக்கில் மூன்று மணி நேரம் காத்திருந்தேன். அங்கிருந்த விசேட வைத்திய நிபுணர் ஸ்கேன் படத்தை முதலில் கையில் எடுக்கவே இல்லை. குதிகாலால் நடக்கச் சொன்னார், விரல் நுனியால் நடக்கச் சொன்னார், காலை நீட்டியபடி உயர்த்திப் பார்த்தார், ஊசி முனையால் தொட்டு உணர்வு பார்த்தார். அதன் பிறகே படம். "முதலாளி, நரம்பு நசிந்திருக்கிறது, ஆனால் பலம் குறையவில்லை. ஆறு கிழமை பொறுப்போம். அதற்குள் கால் பலம் குறைந்தாலோ சிறுநீர் அடைத்தாலோ அன்றே ஓடி வாருங்கள்" என்றார். குளிசையும் பிசியோதெரபியும் எழுதித் தந்தார்.

நான்காம் கிழமை நோவு பாதியானது. பத்தாம் கிழமை கடையில் நின்றேன். பெருவிரலில் லேசான மரமரப்பு மட்டும் இன்றும் மிச்சமிருக்கிறது. அல்ஹம்துலில்லாஹ், கதிரை இல்லாமல் தொழுகிறேன்.

பாதிக் கதை

இரண்டு வருடங்களுக்குப் பின் எங்கள் தெருவிலேயே கடை வைத்திருக்கும் ஒரு சகோதரருக்கு இதே போல நாரி பிடித்து, நோவு காலுக்கு இறங்கியது. நான் பெரிய அனுபவசாலி போலப் பேசினேன். "பயப்படாதீங்க, எனக்கும் இப்படித்தான். ஒப்பரேஷன் என்றால் ஓடிப்போகாதீங்க, பொறுங்க."

அவர் பொறுத்தார். ஒரு நாள் இரண்டு கால்களும் பாரமாகின. தொடைகளின் உட்பக்கமும் மலசலம் போகும் இடத்தைச் சுற்றியும் உணர்வு மரத்தது. சிறுநீர் முட்டியது, ஆனால் போகவில்லை. வெட்கத்தில் மனைவியிடம்கூடச் சொல்லாமல் எண்ணெய் பூசிக்கொண்டு நான்கு நாட்கள் படுத்திருந்தார். வைத்தியசாலைக்குக் கொண்டுபோன இரவிலேயே சத்திரசிகிச்சை செய்தார்கள். இன்று அவர் நடக்கிறார். ஆனால் சிறுநீர் கழிக்க ஒவ்வொரு நாளும் குழாய் போட்டுக்கொள்கிறார்.

அவர் என்னை ஒரு நாளும் குற்றம் சொன்னதில்லை. 'பொறுங்கள்' என்ற பாதியைச் சொன்னேன். 'பலம் குறைந்தால், சிறுநீர் அடைத்தால் அன்றே ஓடு' என்ற மறுபாதியைச் சொல்ல மறந்தேன். இக்கட்டுரை அந்த மறுபாதிக்காகத்தான். முள்ளந்தண்டு நோவில் பொறுக்க வேண்டியது எது, ஒரு மணி நேரமும் பொறுக்கக்கூடாதது எது என்று பிரித்தறிய வேண்டும்.

ஏன் நோகிறது?

நம் கழுத்தில் 7 முள்ளென்புகள், மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5 உள்ளன. அதற்குக் கீழே உள்ளவை ஒன்றோடொன்று ஒட்டியவை. என்புகளுக்கு இடையே அதிர்ச்சி தாங்குவதற்காக இடைத்தட்டுகள் உண்டு. டிஸ்க் என்று சொல்வது இதைத்தான். வெளியே தடித்த நார்ச்சுற்று, உள்ளே களி போன்ற பொருள். நார்ச்சுற்று கிழிந்து உள்ளிருப்பது பிதுங்கி, பக்கத்தில் போகும் நரம்பை அழுத்தினால் நோவு காலுக்கோ கைக்கோ இறங்கும். காலுக்கு இறங்கும் இந்நோவை அரபு வைத்தியர்கள் 'இர்குன் நஸா' என்றழைத்தனர். ஆயிரம் வருடங்களுக்கு முன்னரே இப்னு ஸீனா தமது 'அல்கானூன்' நூலில் இதைப் பேசியிருக்கிறார்.

ஆனால் பெரும்பாலான நாரி நோவுக்கு இப்படியான ஒரு தனிக் காரணத்தைச் சுட்டிக்காட்ட முடிவதில்லை. தசை, தசைநார், மூட்டு, உட்காரும் விதம், நித்திரைக் குறைவு, மனக்கவலை எல்லாம் கலந்தே நோகிறது. கடன் நெருக்கும் மாதத்தில் நாரியும் நெருக்குவது பலர் அனுபவத்தில் கண்டது. உலகில் மனிதரை அதிகம் முடக்கிப்போடுவது நாரி நோவே என்றும், 2020இல் 61 கோடியே 90 இலட்சம் பேர் இதனால் அவதிப்பட்டனர் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

மூட்டை தூக்குவதைப் பற்றி ஒரு கணக்கு. 1999இல் ஜேர்மனியின் உல்ம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு தொண்டரின் இடுப்பு இடைத்தட்டுக்குள் சிறு கருவியை வைத்து அமுக்கத்தை அளந்தார்கள். நிற்கும்போது இருந்த அமுக்கம், முதுகை வளைத்துக் குனிந்து 20 கிலோவைத் தூக்கியபோது நாலரை மடங்கானது. முழங்காலை மடித்துத் தூக்கியபோது குறைந்தது. சுமையை உடம்போடு அணைத்துப் பிடித்தபோது இரண்டு மடங்குக்குச் சற்று மேலேயே நின்றது. இருபது கிலோவுக்கே இப்படியென்றால், நான் குனிந்து இழுத்த சீனி மூட்டையைப் பற்றி நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கழுத்துக்கு வேறு காரணங்கள். நாள் முழுக்க தலையைக் குனிந்து கைத்தொலைபேசியையும் கணக்குக் கொப்பியையும் பார்ப்பது, தொலைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இறுக்கிக்கொண்டு சிட்டை எழுதுவது, வயதோடு வரும் தேய்வு ஆகியன.

அன்றே ஓட வேண்டிய அடையாளங்கள்

இப்பகுதியை வெட்டி எடுத்துக் காசுப்பெட்டியின் மேல் ஒட்டி வைத்தாலும் தகும்.

சிறுநீர் அடைத்தல் அல்லது தன்னையறியாமல் போதல், மலம் அடங்காமல் போதல், உட்காரும் இடத்தைச் சுற்றி உணர்வு மரத்தல், இரண்டு கால்களும் பலமிழத்தல். இவற்றில் ஒன்று கண்டாலும் சனலுக்கு நம்பர் எடுத்துக் காத்திருக்கக்கூடாது. நேரே பெரிய வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். முள்ளந்தண்டின் அடிநரம்புக் கற்றை நசிந்திருக்கலாம். அதற்கு மணித்தியாலக் கணக்கு. தாமதித்தால் போனது திரும்பி வராது.

பாதத்தை மேலே தூக்க முடியாமல் செருப்புத் தரையில் இழுபடுதல். கால் அல்லது கைப் பலம் நாளுக்கு நாள் குறைதல். இவையும் தள்ளிப்போடக்கூடாதவை.

நோவோடு காய்ச்சல், காரணமில்லாமல் உடம்பு மெலிதல், இரவில் படுத்தாலும் குறையாத நோவு, முன்னர் புற்றுநோய் வந்தவருக்குப் புதிதாக நாரி நோவு, விழுந்து அடிபட்ட பின் வரும் நோவு ஆகியவற்றையும் வைத்தியர் விரைவாகப் பார்க்க வேண்டும். முள்ளந்தண்டிலும் கிருமி தங்கும். காசநோயும் அங்கே வரும். சீனி வருத்தக்காரர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

கழுத்துக்குத் தனியாக ஓர் அடையாளம் உண்டு, வியாபாரிக்கு நன்றாக விளங்கும். நோட்டு எண்ணும்போது விரல் தடுமாறுகிறது, சேர்ட் பொத்தான் போட முடியவில்லை, கையெழுத்து மாறி வங்கியில் செக்கைத் திருப்புகிறார்கள், நடக்கும்போது கால் தள்ளாடுகிறது. நோவு பெரிதாக இல்லாவிட்டாலும் இது கழுத்தில் முண்ணாணே நசிபடுவதன் அடையாளமாக இருக்கலாம். வயது போய்விட்டது என்று விட்டுவிடக்கூடாது.

இன்னொன்று. இடது கையில் நோவோடு நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் வந்தால் கழுத்தென்று எண்ணி எண்ணெய் தேய்க்க வேண்டாம். அது இருதயமாக இருக்கலாம்.

படத்தைக் கண்டு பயப்படலாமா?

அபாய அடையாளம் எதுவும் இல்லாவிட்டால் ஆரம்பக் கிழமைகளில் ஸ்கேன் தேவையில்லை என்பதே இன்று உலகெங்கும் உள்ள வழிகாட்டல். காரணம் இருக்கிறது. எந்த நோவும் இல்லாதவர்களை ஸ்கேன் செய்து பார்த்த பல ஆய்வுகளை 2015இல் ஒன்றாகத் தொகுத்தார்கள். ஐம்பது வயதில் நோவே இல்லாதவர்களில் 80 வீதமானோருக்கு இடைத்தட்டுத் தேய்வும், 60 வீதமானோருக்கு இடைத்தட்டுப் புடைப்பும் படத்தில் தெரிந்தன. தலை நரைப்பது போல முள்ளந்தண்டும் நரைக்கிறது. எனவே அறிக்கையில் உள்ள பெரிய பெரிய சொற்களைப் பார்த்து மனம் உடையத் தேவையில்லை. படத்தில் நசிந்திருக்கும் நரம்பும் உங்கள் காலில் நோகும் இடமும் பரிசோதனையில் காணும் குறையும் ஒன்றுக்கொன்று ஒத்துவந்தால்தான் அந்தப் படத்துக்குப் பெறுமதி.

கத்தியில்லாத வைத்தியம்

முந்திய காலத்தில் நாரி பிடித்தால் இரண்டு கிழமை படுக்கையில் போட்டார்கள். 1986இல் அமெரிக்காவில் ஒரு சாராரை இரண்டு நாளும் மறு சாராரை ஏழு நாளும் படுக்க வைத்துப் பார்த்தபோது குணத்தில் வித்தியாசம் இல்லை. ஏழு நாள் படுத்தவர்கள் கூடுதலாக வேலையை இழந்ததுதான் மிச்சம். 1995இல் பின்லாந்தில் செய்த ஆய்வில், படுக்காமல் முடிந்தளவு வழக்கமான வேலைகளைச் செய்தவர்களே விரைவில் தேறினர். எனவே முதல் மருந்து நடமாட்டம். கடுமையாக நோகும் ஓரிரு நாள் படுக்கலாம். அதன் பின் மெதுவாக நடக்க வேண்டும். மூட்டை தூக்குவது மட்டும் வேண்டாம்.

இரண்டாவது உடற்பயிற்சி. பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தருவதை வீட்டில் தினமும் செய்பவருக்கே பலன். பலர் செய்வது என்ன? பத்து நாள் போய் மின்சார ஒத்தடம் பிடித்துவிட்டு, பயிற்சியை மறந்துவிடுகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாட்பட்ட நாரி நோவுக்கு வெளியிட்ட வழிகாட்டல் பயிற்சியையும், நோயைப் பற்றிய விளக்கத்தையும், மசாஜ் போன்ற கைமுறை வைத்தியத்தையும், மன ரீதியான ஆதரவையும் ஏற்கிறது. இடுப்புப் பெல்ட்டையும், இழுவைச் சிகிச்சையையும், மின்சார அதிர்வுக் கருவிகளையும் வழக்கமான சிகிச்சையாகப் பரிந்துரைக்கவில்லை. பெல்ட்டைப் போட்டுக்கொண்டு பாரம் தூக்கலாம் என்று நம்பும் சகோதரர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மூன்றாவது குளிசை. பரசிட்டமோல் மட்டும் குடித்தால் நாரி நோவு சீக்கிரம் மாறும் என்பதற்கு ஆதாரமில்லை. 2014இல் அவுஸ்திரேலியாவில் ஆயிரத்து அறுநூற்றுக்கு மேற்பட்டோரில் செய்த ஆய்வு இதைக் காட்டியது. டைக்ளோபெனாக், இபுபுரொஃபென் வகைகள் ஓரளவு உதவும். ஆனால் அவை குடல் புண்ணையும் சிறுநீரகப் பாதிப்பையும் பிரஷரையும் கொண்டு வரலாம். சீனியும் பிரஷரும் உள்ளவர்கள் பாமசியில் தாமாகக் கேட்டு வாங்கி மாதக் கணக்கில் விழுங்குவது, வட்டிக்கு வாங்கிக் கடையை ஓட்டுவது போன்றது. கையில் உடனே சுகம் கிடைக்கும், பின்னால் முதலையே தின்றுவிடும். ஓபியொயிட் வகை வலுவான வலிக்குளிசைகள் புதிதாக வந்த நாரி, கழுத்து நோவுக்கு வெற்றுக் குளிசையைவிடப் பலன் தரவில்லை என்று 2023இல் சிட்னி ஆய்வொன்று கண்டது. ட்ரமடோலும் அந்த இனத்தைச் சேர்ந்ததுதான். பழக்கமாகிவிடும் அபாயமும் அதில் உண்டு.

நான்காவது முள்ளந்தண்டில் போடும் ஸ்டீரொயிட் ஊசி. காலுக்கு இறங்கும் கடும் நோவைச் சில கிழமைகளுக்குத் தணிக்கலாம். நாரியில் மட்டும் உள்ள நோவுக்கு இதனால் பயனில்லை. போட்ட பின் சில நாட்களுக்கு இரத்தத்தில் சீனி ஏறும். ஆகவே சீனி வருத்தம் இருப்பதை முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

ஐந்தாவது நமது நாட்டு வைத்தியம். இலங்கையில் ஆயுர்வேதம், சித்தம், யூனானி மூன்றும் 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் அங்கீகரிக்கப்பட்டவை. பதிவு பெற்ற வைத்தியர்கள் இருக்கிறார்கள். பொரளையில் அரச ஆயுர்வேத வைத்தியசாலை இருக்கிறது. எண்ணெயும் ஒத்தடமும் தசைப்பிடிப்புக்கு இதமளிப்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள். ஹிஜாமா செய்விப்பவர்கள், செய்பவர் தகுதியுள்ளவரா, பிளேடும் கிண்ணமும் புதியவையா என்று பார்க்க வேண்டும். இரத்தம் உறையாமலிருக்கக் குளிசை குடிப்பவர்கள் தமது வைத்தியரைக் கேட்காமல் செய்யக்கூடாது. மேலே சொன்ன அபாய அடையாளங்கள் இருந்தால் இவை எதற்கும் நேரம் இல்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். சலூனில் தலைமயிர் வெட்டிய பின் கழுத்தைப் பிடித்து இரு பக்கமும் முறிப்பதை நிறுத்துங்கள். மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் கழுத்து முள்ளென்புகளின் ஊடாகத்தான் போகிறது. திடீரெனத் திருப்பும்போது அது கிழிந்து பக்கவாதம் வந்த சம்பவங்கள் வைத்திய ஏடுகளில் பதிவாகியுள்ளன. சும்மா கிடைக்கும் சேவைக்கு அவ்வளவு பெரிய விலை வேண்டாம்.

கத்தி எப்போது?

1934இல் அமெரிக்காவின் போஸ்டன் நகரில் மிக்ஸ்டர், பார் என்ற இரு சத்திரசிகிச்சை நிபுணர்கள், காலுக்கு இறங்கும் நோவுக்குப் பிதுங்கிய இடைத்தட்டே காரணம் என்றும் அதை வெட்டி அகற்றலாம் என்றும் எழுதினார்கள். அன்று தொடங்கிய சிகிச்சை இன்று நுண்ணோக்கியின் கீழ் சிறு வெட்டோடு முடிகிறது. நரம்பை அழுத்தும் துண்டை மட்டும் எடுக்கிறார்கள். இதனால் நன்மை பெறுவது காலுக்கு இறங்கும் நோவுதான். நாரியில் மட்டும் நோவு உள்ளவருக்கு இது ஏற்றதல்ல.

காலுக்கு இறங்கும் நோவிலும் அவசரமா, பொறுமையா? 2007இல் நெதர்லாந்தில் ஒரு நல்ல ஆய்வு வெளிவந்தது. ஆறு முதல் பன்னிரண்டு கிழமைகள் கடும் நோவில் இருந்த 283 பேரில் ஒரு சாராருக்கு உடனே சத்திரசிகிச்சை. மறு சாராரைப் பொறுக்க வைத்து, தேவைப்பட்டால் மட்டும் செய்தார்கள். உடனே செய்தவர்களுக்கு நோவு வேகமாகக் குறைந்தது. ஒரு வருட முடிவிலோ இரு சாராரிலும் 95 வீதமானோர் தேறியிருந்தனர். பொறுத்தவர்களில் 39 வீதமானோர் அவ்வருடத்துக்குள் சத்திரசிகிச்சைக்குப் போகவே வேண்டியிருந்தது. அதாவது, பலம் குறையாதவரைப் பொறுப்பதால் பெரும்பாலும் நட்டமில்லை. பொறுத்தும் மாறாதவர் செய்துகொள்வதில் பிழையுமில்லை. பிதுங்கிய துண்டு பலருக்குக் காலப்போக்கில் தானாகவே சுருங்கிவிடுகிறது. கைக்கு இறங்கும் கழுத்து நோவும் பலருக்குச் சில கிழமைகளில் அல்லது மாதங்களில் தணிந்துவிடும்.

வயது போனவர்களுக்கு வேறொரு வருத்தம். முண்ணாண் செல்லும் பாதை ஒடுங்கிவிடும். கொஞ்சத் தூரம் நடந்தால் கால்கள் மரத்துப் பாரமாகும். குனிந்தால் அல்லது உட்கார்ந்தால் சுகம். நிலையில் நிற்க முடியாது, ருகூஃவில் சுகமாக இருக்கிறது என்று சொல்பவர்கள் இதைச் சோதித்துப் பார்க்க வேண்டும். பயிற்சிக்கும் மருந்துக்கும் கட்டுப்படாவிட்டால், ஒடுங்கிய இடத்தை அகலமாக்கும் சத்திரசிகிச்சை நடக்கும் தூரத்தைக் கூட்டித் தரலாம்.

மூன்றாவது, ஆணி அடித்து முள்ளென்புகளை ஒட்டவைப்பது. செலவும் பெரிது, வெட்டும் பெரிது. என்பு முறிவு, கிருமி, புற்றுக்கட்டி, முள்ளென்பு நிலைகுலைந்து வழுக்குதல் போன்றவற்றில் இது தவிர்க்க முடியாததாகலாம். சாதாரண தேய்வுக்கு அப்படியல்ல. 2016இல் சுவீடனில், ஒடுங்கிய பாதையை அகலமாக்கும் சத்திரசிகிச்சையோடு ஆணியையும் சேர்த்தவர்களையும் சேர்க்காதவர்களையும் ஒப்பிட்டபோது, ஆணியால் மேலதிக பலன் கிடைக்கவில்லை. எனவே ஆணி என்றதும் "எனக்கு ஏன் இது?" என்று கேட்பது உங்கள் உரிமை.

கழுத்தில் 1950களிலிருந்து கழுத்தின் முன்பக்கமாக வெட்டி இடைத்தட்டை எடுத்து ஒட்டவைக்கும் முறை உண்டு. முன்னே சொன்ன, நோட்டு எண்ண முடியாத நிலைக்கு இதுவே பெரும்பாலும் வழி. அங்கே நோக்கம் இருப்பதைக் காப்பாற்றுவது. போன பலம் முழுதாகத் திரும்பும் என்று எவரும் உத்தரவாதம் தர முடியாது. அதனால்தான் தாமதிக்கக்கூடாது.

எந்தச் சத்திரசிகிச்சைக்கும் நட்டப் பக்கமும் உண்டு. கிருமித்தொற்று, இரத்தக்கசிவு, நரம்புறை கிழிதல், நரம்புச் சேதம், அதே இடைத்தட்டு மீண்டும் பிதுங்குதல். சீனியைக் கட்டுப்படுத்தாதவருக்கும் சிகரெட் பிடிப்பவருக்கும் ஆபத்து அதிகம். புகைப்பவருக்கு என்பு ஒட்டுவதும் தாமதமாகும்.

கையெழுத்துப் போட முன் கேட்க வேண்டியவை

ஒரு கொள்கலன் சாமானுக்கு ஓடர் கொடுக்க முன் எத்தனை கேள்வி கேட்கிறோம்? வைத்தியர் முன்னால் மட்டும் வாய் அடைத்துப் போகிறது. இவற்றைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். எனக்கு என்ன குறை, அது என் நோவோடு ஒத்துவருகிறதா? இப்போது செய்யாமல் ஆறு கிழமை பொறுத்தால் என்ன நட்டம்? இதனால் குறையப் போவது கால் நோவா, நாரி நோவா? உங்கள் கையால் இதை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? பிழைத்தால் என்ன நடக்கும்? எப்போது கடைக்குப் போகலாம், எப்போது பாரம் தூக்கலாம்? ஆணி, தட்டு, அறை, மருந்து எல்லாம் சேர்த்து முழுச் செலவு என்ன?

நல்ல வைத்தியர் இக்கேள்விகளுக்குக் கோபிக்க மாட்டார். இரண்டாவது அபிப்பிராயம் கேட்பது முதல் வைத்தியரை அவமதிப்பதும் ஆகாது. கொழும்பு தேசிய வைத்தியசாலை உட்பட பெரிய அரச வைத்தியசாலைகளில் நரம்பியல் சத்திரசிகிச்சைப் பிரிவுகள் உண்டு, சிகிச்சை இலவசம். ராகமையில் மூட்டு வாதத்துக்கும் புனர்வாழ்வுக்குமான அரச வைத்தியசாலை இருக்கிறது. காத்திருப்பு நீளம்தான். அபாய அடையாளம் இல்லாதவருக்கு அந்தக் காத்திருப்பே சில வேளை மருந்தாகிவிடுகிறது. அது எனக்கு நடந்தது.

நாட்டாமையின் முதுகு

முதலாளியின் முதுகைப் பற்றி இவ்வளவு பேசினோம். அதைவிட அதிகம் நோகும் முதுகு ஒன்று நம் கடை வாசலிலேயே நிற்கிறது. சர்வதேச தொழில் அமைப்பு 1967இல் வெளியிட்ட பரிந்துரையில், வளர்ந்த ஆண் தொழிலாளி ஒருவர் வழமையாகச் சுமக்கும் பாரம் 55 கிலோவைத் தாண்டக்கூடாதென்றது. அமெரிக்க அரசின் தொழில்சார் சுகாதார நிறுவனம் 1990களில் போட்ட கணக்கில், எல்லாம் வசதியாக அமைந்த நிலையில்கூட ஒருவர் தூக்குவதற்கு உகந்த பாரம் 23 கிலோ. நமது நாட்டாமை நாள் முழுக்க ஐம்பது கிலோ மூட்டையைத் தோளிலும் தலையிலும் ஏற்றிக்கொண்டு குறுக்குத் தெரு நெரிசலில் ஓடுகிறார். நாற்பத்தைந்து வயதில் அவர் முதுகு முடிந்துவிடுகிறது. அதன் பின் அவருடைய வீட்டு அடுப்பு எப்படி எரிகிறது என்று நாம் கேட்பதில்லை.

பெரிய செலவில்லாமல் செய்யக்கூடியவை உண்டு. இரண்டு சில்லுத் தள்ளுவண்டி ஒன்று, லொறியின் தட்டுக்குச் சமமான உயரத்தில் ஒரு மேடை, அடிக்கடி எடுக்கும் மூட்டைகளைத் தரையில் போடாமல் இடுப்பு உயரத்தில் அடுக்குவது, ஒரு மூட்டைக்கு இருவர். மாவு, சீனி வகைகளை 25 கிலோ பொதியில் வாங்கக் கிடைத்தால் அதையே வாங்குவது. காசுப்பெட்டியில் உட்காருபவர் அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து கடையை ஒரு சுற்று சுற்றுவது. முதலாளிமார் பெருநாள் அவசரத்தில் என்னைப் போல வீரம் காட்டாமல் நாட்டாமை வரும்வரை ஐந்து நிமிடம் பொறுப்பது.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்விடம் பொறுப்புச் சாட்டும்படி கற்றுத் தந்த மார்க்கம் நமது. இந்த உடம்பும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்தான். நம்மிடம் கூலிக்கு வருபவரின் உடம்பும் அப்படித்தான்.

அந்தச் சகோதரர் இப்போதும் ஜும்ஆவுக்கு வருகிறார், கதிரை வரிசையில் இரண்டாவது ஆளாக. போன கிழமை அவரிடம், உங்கள் கதையை எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதுங்க, பேரைப் போடாதீங்க. ஆனால் அந்த மரத்துப்போற விஷயத்தை வெட்கப்படாமல் எழுதுங்க நாநா" என்றார். எழுதிவிட்டேன். இதை வாசிப்பவர்களும் வெட்கப்படாமல் வீட்டில் சொல்லி வையுங்கள்.